சுவரில் மாட்ட ஒரு செபியா பிரிண்ட்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செபியா பழுப்பு ஏற்றுவது இப்போது போனில் ஒரு தட்டல் வேலை. அப்படித் தட்டி எடுத்த படத்தை ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பிரிண்ட் போடக் கொடுத்துப் பாருங்கள். ஒன்று, படத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும். இல்லையென்றால் பழுப்பு போன இடம் தெரியாமல் வெறும் சாம்பல் படமாகத் திரும்பி வரும். முதலாவது நாம் செய்யும் வேலையால் வருவது. இரண்டாவது லேப் மெஷினின் கைங்கரியம். இரண்டையும் தவிர்க்கலாம்.

தேவை அதிகமில்லை. கணினி இருந்தால் கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் வேலை இதேதான். கணினி இல்லாதவர்கள் போனில் ஸ்னாப்சீட் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். பிரிண்டர் வாங்க வேண்டியதில்லை. லேபில் 4×6 தாள் ஒன்றிரண்டு சோதனைக்கே போகும் என்பதை மட்டும் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்தை எடுத்துக்கொள்வது

போனிலோ கமராவிலோ எடுத்த படம் என்றால் மூலக்கோப்பைத் தேடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை வைத்துத் தொடங்காதீர்கள். அது அனுப்பும்போதே சுருக்கப்பட்டுவிடும், போனில் தெரியாத குறை தாளில் கட்டம் கட்டமாகத் தெரியும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் மலையகத்தில் செபியா கேட்டு வருபவர்களில் பலருடைய கையில் இருப்பது பழைய படம்தான். எத்தனையோ வீடுகளில் தாத்தாவின், அப்பாயியின் ஒரே படம் பாஸ்போர்ட் அளவுப் படம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போகப் பதிந்த குடும்பங்களில் கடவுச்சீட்டுக்காக எடுத்த படமே பிற்பாடு மாலை போடும் படமாகவும் ஆனது. அதைப் பெரிதாக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். முடியும், ஓரளவுக்கு. 35×45 மில்லிமீற்றர் படத்தை ஸ்கேனரில் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) எடுத்தால் ஏறத்தாழ 1650×2120 புள்ளிகள் கிடைக்கும். பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 5×7 அங்குலத்துக்குச் சரியாகப் போதும். 8×10 போட்டால் 2400×3000 வேண்டும், அங்கே மூலப்படத்தின் கூர்மைதான் தடை. சிறிய படத்தை வலிந்து பெரிதாக்கி மூக்கும் கண்ணும் கரைந்துபோவதைவிட 5×7 பிரிண்டைப் பெரிய மவுண்டில், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டையில், வைப்பது எவ்வளவோ மேல்.

ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே எடுங்கள். காரணம் இருக்கிறது. கலர்ப் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பதிவுகளின் சேர்க்கை, ஒவ்வொன்றும் ஒரு சனல். ஈரத்தாலும் வயதாலும் வந்த மஞ்சள் கறை, நீலச் சனலில் பளிச்சென்று தெரியும். சிவப்புச் சனலில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். ஆகவே சிவப்புச் சனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் பாதி துப்புரவு வேலை தானாக முடியும். கன்னத்தில் பாதி ஏறிய நீல, ஊதா முத்திரை என்றால் நேர்மாறு: அது நீலச் சனலில்தான் மங்கும். கறை, முத்திரை இரண்டும் இருந்தால் இரண்டு சனலையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனி லேயராக (அடுக்காக) வைத்து, முத்திரை உள்ள இடத்தில் மட்டும் நீலத்தைத் தெரியவிடலாம்.

ஸ்கேனர் இல்லையா? இஸ்தோப்பில் நேர்வெயில் படாத நிழலில் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே சமமாகப் பிடித்து எடுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்கவே வேண்டாம். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள்.

பழுப்பு எங்கே உட்கார வேண்டும்

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. இருட்டறைக் காலத்தில் கறுப்பு வெள்ளைத் தாளில் கறுப்பாகத் தெரிந்தது நுண்ணிய வெள்ளித் துகள். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் போட்டதும் படம் வெளிறிப்போகும். அப்புறம் சோடியம் சல்பைடில் போட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு, வெளிறிய இடமெல்லாம் சில்வர் சல்பைடாக மாறிப் பழுப்பாக எழும்பி வரும். சில்வர் சல்பைடு வெள்ளியைவிட உறுதியானது. செபியா போட்ட படங்கள் நீடித்து நின்றது அதனால்தான்.

இதில் நமக்கு வேண்டியவை இரண்டு. வெளிறவைக்கும் கரைசல் வெளிச்சமான பகுதியையும் இடைநிறங்களையும் முதலில் பிடிக்கும், அடர் கறுப்பைக் கடைசியில்தான் தொடும். சீக்கிரம் வெளியே எடுத்தால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். அடுத்தது, வெள்ளித் துகளே இல்லாத வெறும் தாளில் பழுப்பு ஏற வழியில்லை, அது வெள்ளையாகவே இருக்கும். ஆக நல்ல செபியாவில் பழுப்பு வாழ்வது நடுவில்: முகத்தின் நிழலில், சேலை மடிப்பில், தேயிலைச் செடியின் இடைநிறங்களில்.

பல செயலிகளின் செபியா பொத்தானுக்குப் பின்னால் ஓடும் பழைய சூத்திரம் இதைப் பொருட்படுத்துவதில்லை. கணினிக்கு 0 கறுப்பு, 255 வெள்ளை. அந்தச் சூத்திரத்தில் 128 என்ற நடுச்சாம்பல் சிவப்பு 173, பச்சை 154, நீலம் 120 ஆகிறது. படம் வெளுத்துப் பழுப்பும் தூக்கலாகிறது. தூய வெள்ளை 255, 255, 239 என்று இளமஞ்சளாகிறது. 190க்கு மேலே உள்ள எல்லாவற்றிலும் சிவப்பு உச்சியில் முட்டி நின்றுவிடுவதால் மேகமும் மூடுபனியும் பேதமில்லாத மஞ்சள் பூச்சாகிவிடும். நுவரெலியாவில் எடுத்த பாதிப் படங்களில் மூடுபனிதான் படமே. அதனால் அந்தப் பொத்தானை விட்டுவிடுங்கள்.

மிகப் பழைய படங்களின் பழுப்பு வேறு வகை. முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமின் தாள் 1850இல் வந்தது. அதில் எடுத்த படங்கள் இயல்பிலேயே சாக்லேட்டும் ஊதாவும் கலந்த பழுப்பாக இருக்கும், வயதாக வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானவர். அவருடைய படங்களில் பெரும்பாலானவை அல்புமின் படங்களே. தோட்டத்து மக்களையும் எடுத்திருக்கிறார். அந்த நிறம்தான் வேண்டுமென்றால் கீழே சொல்லும் பழுப்பில் சிவப்பைச் சற்றுக் கூட்டுங்கள். ஆனால் வெள்ளையை மஞ்சளாக்குவது, ஓரத்தைக் கருக்குவது, பொய்க் கீறல் போடுவது எல்லாம் என் கணக்கில் வேடம் கட்டுவது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் கொழுந்து பறிப்பவர்களின் படத்துக்குச் செபியா போடும் பழக்கம் சுற்றுலாப் படங்களில் அதிகம். வெள்ளைக்காரர் காலத்து ஸ்டூடியோக்கள் துரைமாருக்கும் பயணிகளுக்கும் விற்ற படங்களின் சாயல் அதில் ஒட்டிக்கொள்கிறது. இன்றைய சம்பளத்துக்கு இன்று மலை ஏறுபவரை நூற்றைம்பது வருடம் பின்னே தள்ளி அழகு பார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டு மூத்தோர், கலியாணப் படம், பழைய லயம், கோயில், ரயில் பாலம், இவற்றுக்குச் செபியா நன்றாகப் பொருந்தும்.

முதலில் நல்ல கறுப்பு வெள்ளை

சாம்பல் பூத்த மங்கல் படத்துக்குப் பழுப்பு ஏற்றினால் கிடைப்பது பழுப்பு பூத்த மங்கல் படம். எனவே நிறத்தைத் தொடும் முன் இதை முடியுங்கள்.

கலர்ப் படத்திலிருந்து கறுப்பு வெள்ளைக்கு வருகிறீர்கள் என்றால் நிறங்களின் கலவையை நீங்களே தீர்மானியுங்கள். நம்முடைய தோல் நிறத்துக்குச் செம்மஞ்சளையும் சிவப்பையும் கொஞ்சம் தூக்கினால் முகம் வெளிச்சம் பெறும். நீலச் சனலைக் கூட்டினால் முகம் கறுத்துச் சொரசொரப்பாகும். தேயிலைக்கு மஞ்சளையும் பச்சையையும் ஏற்றினால் கொழுந்து முற்றிய இலையிலிருந்து பிரிந்து தெரியும்.

பிறகு லெவல்ஸ், அதாவது எது கறுப்பு, எது வெள்ளை என்று எல்லை வைக்கும் கருவி. படத்தின் மிகக் கறுத்த இடம் கறுப்புக்கு வரட்டும், ஆனால் தலைமுடியும் கறுப்புக் கோட்டும் ஒரே தாராகிவிடாமல் பாருங்கள். பளபளப்பில்லாத மேட் தாளில் போடுவதாக இருந்தால் நிழலை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். 20க்குக் கீழே உள்ள விவரம் அந்தத் தாளில் பெரும்பாலும் மூழ்கிவிடும். மூடுபனி உள்ள படத்தில் பனியை 255க்கு விடாமல் 235, 240 அளவில் நிறுத்துங்கள். 255 என்றால் அங்கே மை இல்லை, மை இல்லாத இடத்தில் பழுப்பும் இல்லை. பழுப்புப் படத்தின் நடுவே ஓட்டை விழுந்த வெள்ளையாக அது நிற்கும்.

நிறம் ஏற்றுதல்

கிம்பில் படம் கிரேஸ்கேலில் இருந்தால் நிறமே ஏறாது. ‘இமேஜ்’ மெனுவில் ‘மோட்’ போய் ‘ஆர்ஜிபி’ ஆக்குங்கள்.  அப்புறம் லேயரை ஒரு பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

‘கலர்ஸ்’ மெனுவில் ‘கர்வ்ஸ்’ திறந்தால் மேலே சனலைத் தெரிவு செய்யும் இடமும் கீழே ஒரு மூலைவிட்டக் கோடும் இருக்கும். அந்தக் கோட்டின் இரண்டு முனையையும் தொடாதீர்கள். அவை அசையாமல் இருந்தால் தூய கறுப்பும் தூய வெள்ளையும் நிறமேறாமல் நிற்கும். நடுப்புள்ளியை மட்டும் இப்படி நகர்த்துங்கள்:

சிவப்பு: 128ஐ 138க்கு.
பச்சை: 128ஐ 127க்கு. இதை விட்டாலும் பாதகமில்லை.
நீலம்: 128ஐ 110க்கு.

இது மிதமான, கொஞ்சம் சூடான பழுப்பு. திரையில் பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். அந்த எண்ணம் வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். திரையில் தானே ஒளிர்வது, தாளில் வந்து கையில் எடுத்துப் பார்க்கையில் கனமாகத் தெரியும். மஞ்சள் தூக்கலாக இருந்தால் பச்சையை 124 வரை இறக்குங்கள். இறக்க இறக்கப் பழுப்பு சிவக்கும். ரோஸ் எட்டிப் பார்த்தால் அளவு மீறிவிட்டது, ஒரு படி திரும்புங்கள்.

நிழல் கறுப்பாகவே நிற்க வேண்டுமென்றால், சிவப்பு, நீலம் இரண்டு கோட்டிலும் 45ஐ ஒட்டி இன்னொரு புள்ளி வைத்து, அதை மூலைவிட்டக் கோட்டின் மேலேயே நிறுத்துங்கள். கோட் போட்ட தாத்தா படங்களுக்கு இது மிகவும் பொருந்தும்: கோட் கறுப்பு, முகம் பழுப்பு.

ஸ்னாப்சீட்டிலும் ‘கர்வ்ஸ்’ உண்டு. முதலில் ‘பிளாக் அண்ட் ஒயிட்’, பிறகு ‘கர்வ்ஸ்’ போய்ச் சிவப்பை நடுவில் ஒரு நூல் மேலே, நீலத்தை அதைவிடச் சற்று அதிகமாகக் கீழே. எண் காட்டாது, கண் பழக வேண்டும். போனில் இரவு வெளிச்சம், கண் பாதுகாப்பு என்று திரையை மஞ்சளாக்கும் வசதி எதுவும் வேலை செய்யாதபடி முதலில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே பழுப்பான திரையில் பழுப்பைத் தேடுவீர்கள். திரை வெளிச்சத்தையும் பாதிக்குக் குறையுங்கள்.

வானத்திலும் பனியிலும் படிப்படியாகப் பட்டை விழுந்தால் மென்மையான சிறு நொய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேருங்கள். தாளில் அது நொய்ஸாகத் தெரியாது, பட்டை மட்டும் மறையும்.

சோதனைத் தாள்

இந்தப் படியைத் தாண்டாதீர்கள். 1800×1200 புள்ளியில் புதிய கோப்பு ஒன்று திறந்து அதை நான்காகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 900×600. உங்கள் படத்தில் முகமும் ஓர் அடர் நிழலும் வெளிச்சமான மூலையும் சேர்ந்து வரும் ஒரே துண்டை நான்கிலும் வையுங்கள். முதலாவது நிறமே இல்லாத கறுப்பு வெள்ளை. இரண்டாவது மேலே சொன்ன அளவில் பாதி, மூன்றாவது முழு அளவு, நாலாவது ஒன்றரை மடங்கு. ஒவ்வொன்றின் மூலையிலும் எண்ணைப் போட்டு ஒரே ஒரு 4×6 பிரிண்ட் எடுங்கள்.

எண் 1 சாம்பலாகவே வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது பச்சையாகவோ ரோஸாகவோ இருந்தால் குறை லேபில், உங்கள் பழுப்பில் அல்ல. அது சரியென்றால் மற்ற மூன்றையும் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள், பின்பு படம் மாட்டப்போகும் அறையிலும் ஒருமுறை பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே எல்லாச் செபியாவும் சூடாகும். வெள்ளை எல்ஈடி பல்பு பழுப்பை அடக்கிவிடும். பல்பு வெள்ளை என்றால் ஒரு படி கூடியதைத் தெரிவு செய்வதில் தவறில்லை.

லேபில் என்ன சொல்வது

பெரும்பாலான லேப் மெஷின்கள் ஒவ்வொரு படத்தையும் பார்த்து நிறப் பிழையைத் திருத்தப் பார்க்கும். முழுப் படமும் பழுப்பாக இருப்பது அதற்குப் பெரும் பிழை. திருத்திச் சாம்பலாக்கித் தந்துவிடும். மெஷின் தன் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே கொடுக்கும்போதே சொல்லுங்கள்: “அண்ணே, இது செபியா படம். ஒட்டோ கரெக்‌ஷன் எதுவும் போடாம இருக்கிற மாதிரியே அடிச்சுத் தாங்க.” சோதனைத் தாளையும் அப்படியே அடிக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சோதனைக்கே அர்த்தமில்லை.

கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில், ஜேபெக் ஆக, உச்சத் தரத்தில், பென் டிரைவில் கொண்டுபோங்கள். அளவை நீங்களே வெட்டிக் கொடுங்கள்: 4×6க்கு 1200×1800, 5×7க்கு 1500×2100. போன் படம் பெரும்பாலும் 3க்கு 4 என்ற விகிதம். அப்படியே 4×6க்குக் கொடுத்தால் மெஷின் தன் பாட்டுக்கு ஓரத்தை வெட்டும், போவது யாராவது ஒருவரின் உச்சந்தலையாக இருக்கும். தாளில் மேட் அல்லது சில்க் கேளுங்கள். பளபளக்கும் தாளில் செபியா எனக்கு ஒருபோதும் ஒட்டுவதில்லை.

வீட்டில் இங்க்ஜெட் இருந்தால் டிரைவரில் ‘கிரேஸ்கேல்’ அடையாளத்தை எடுத்துவிட்டுக் கலரிலேயே அடியுங்கள், தாள் வகையைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். பழுப்பு திடீரென்று பச்சை அடித்தால் படத்தைத் திருத்தத் தொடங்காமல் முதலில் நொஸில் செக் (மைத்துளைச் சோதனை) எடுத்துப் பாருங்கள், மெஜந்தா அடைத்திருக்கும்.

தேத்தண்ணியில் முக்கினால் செபியா வருமா என்று கேட்பவர்கள் நம் பக்கத்தில் கட்டாயம் இருப்பார்கள். தேயிலைச் சாயம் ஏறுவது தாளில்தான், படத்தில் அல்ல. வெள்ளை முழுக்க மங்கும். லேப் தாளின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அதில் ஒழுங்காகப் பிடிக்காது, சாதாரண இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் மை ஓடிவிடும். தேத்தண்ணியைக் குடியுங்கள்.

மாட்டும்போது

செபியா போட்டால் படம் நீடிக்கும் என்ற பேச்சு இருட்டறைச் செபியாவுக்கு மட்டும்தான் பொருந்தும். நாம் ஏற்றியது வெறும் நிறம், மற்ற எந்தப் பிரிண்டுக்கும் வரும் ஆயுள்தான் இதற்கும். எனவே பாதுகாப்பு நம் கையில் இருக்கிறது, அதிலும் தலவாக்கலை, மஸ்கெலியா ஈரத்தில்.

இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் ஒரு முழு நாள் காயவிட்டுப் பிறகு கண்ணாடிக்குள் போடுங்கள். கண்ணாடியும் படமும் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அது அழகுக்கு மட்டும் இல்லை, ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டாமல் இருக்கவும்தான். லயத்து வெளிச்சுவரில் மாட்டுவதாக இருந்தால் பிரேமின் பின் மூலைகளில் சிறு கார்க் துண்டோ ரப்பரோ ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். வெயில் நேராக விழும் சுவரைத் தவிருங்கள். படத்தில் இருப்பவரின் பெயர், தோட்டம், டிவிஷன், தெரிந்தால் ஆண்டு, எல்லாவற்றையும் பின்னட்டையில் பென்சிலால் எழுதுங்கள்.

கிம்ப் கோப்பை லேயர்களோடு எக்ஸ்சிஎஃப் ஆகவும், நிறமேறாத கறுப்பு வெள்ளையைத் தனியாகவும் சேமித்து, எந்த லேப், எந்தத் தாள், சோதனையில் எத்தனையாம் எண் என்று கோப்பின் பெயரிலேயே போட்டுவையுங்கள். ஒரு பிரதி சுவருக்குப் போனதும் சித்தப்பாவுக்கு ஒன்று, இந்தியாவில் இருக்கும் அத்தைக்கு ஒன்று என்று கேட்டு வருவார்கள். அப்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.